முதலில் தண்ணீர், அப்புறம் பூசணம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் 30 வருஷமாக ஏ.சி. பழுது பார்க்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: "ஏ.சி.க்குக் கீழே சுவர் கறுத்துப் பூசணம் பிடிக்குது, எதைப் பூசினால் போகும்?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் பூசணத்தைப் பார்க்கலாம்.

ஏ.சி.யில் தண்ணீர் ஏன் வருகிறது? ஐஸ் போட்ட சொம்பு வெளியே வியர்க்கிறதல்லவா, ஏ.சி.க்கு உள்ளே குளிர்ந்திருக்கும் குழாய்ச் சுருளும் அப்படித்தான் வியர்க்கிறது, அதைத்தான் காயில் (coil) என்கிறோம். 1902இல் நியூயார்க், புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி. ஈரத்தை எடுக்கப் பிறந்த இயந்திரம் அது. நம் ஊர்க் காற்றில் ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு வாளித் தண்ணீர்கூடச் சேரும். அது பைப் வழியாக வெளியே போகவேண்டும். போகாவிட்டால் சுவருக்குள் போகும்.

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கம் ஒரு வீடு. "தம்பி, மூணு தரம் பெயிண்ட் அடிச்சாச்சு, மறுபடியும் பூக்குது" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. பீரோவை நகர்த்தினோம். சுவரில் விரல் வைத்தேன். பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி ஈர மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. கடுகை இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், நடுவில் பச்சை. பீரோவைத் திறந்தால் அவருடைய கல்யாணப் புடவை, மடிப்போரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பாட்டி அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

தண்ணீர் வெளியே போகும் டிரெயின் பைப்பைத் தொடர்ந்து போனேன். பால்கனி கிரில்லுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓடுவதற்கான சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்களே, அது எதிர்ப்பக்கமாக இருந்தது. தண்ணீர் திரும்பி, காயிலுக்குக் கீழே சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கும் டிரேயில் நிறைந்து, யூனிட்டின் முதுகுப் பக்கமாகச் சுவரில் இறங்கியிருக்கிறது. கட்டை அவிழ்த்துப் பைப்பைத் தாழ்த்தினேன். பத்து நிமிஷ வேலை. அதைப் பார்க்காமல் மூன்று தரம் பெயிண்டுக்குச் செலவழித்திருக்கிறார்கள்! அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் தண்ணீர்.

வாட்டம் சரியாக இருந்தும் சொட்டுகிறதா? தூசியும் வழவழப்பான பாசியும் பைப்பை அடைத்திருக்கலாம். ஃபில்டரில் அழுக்கு ஏறினாலும் குளிரூட்டும் கேஸ் குறைந்தாலும் காயிலில் ஐஸ் கட்டி, அது உருகும்போது கொட்டும். சிலர் பைப் நுனியை வாளித் தண்ணீருக்குள் முங்க வைக்கிறார்கள். அப்படி வைத்தால் காற்றுப் போக வழியில்லாமல் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மெக்கானிக் வரும்போது டிரேயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பைப் நுனியில் அது வரவேண்டும். நீங்களே போய்ப் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுத்தம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள், பூசணத்தூள் அறை முழுக்கப் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஊறிப்போன பட்டியைச் சுரண்டி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்ட். ஜிப்சம் பலகை ஊறிப் பூசணம் பிடித்திருந்தால் வெட்டி மாற்றத்தான் வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வினிகரையோ கலக்கவே கூடாது, விஷவாயு வரும். வீசிங் உள்ளவர்களும் குழந்தைகளும் வேலை முடியும்வரை வேறு அறையில் இருக்கட்டும். பீரோவைத் திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும். வணக்கம்.