ஜப்பான் ஏன் 2007-ஐக் கண்டு பயந்தது? – நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. "போன வீடியோவில் ஜப்பானின் '2007 பிரச்சினை' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது என்ன? வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை என்பதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை, நேர் எதிர். அவர்களுக்குப் புதுசு வராதே என்று யாரும் பயப்படவில்லை. அவர்கள் கையில் இருந்த பழசு, அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுமே என்றுதான் பயம்.

போர் முடிந்ததும் 1947 முதல் 1949 வரை மூன்றே வருடத்தில் அங்கே சுமார் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. இவர்களை 'தங்காய்' தலைமுறை என்பார்கள்; மண்ணுக்குள் இறுகிக் கிடக்கும் கட்டி என்று பொருள். அப்போது பெரும்பாலான நிறுவனங்களில் ஓய்வு வயது 60. முதல் அணி 60-ஐத் தொடுவது 2007-இல். கணக்குச் சரியாகிவிட்டதா?

இந்த ஆட்கள் பார்த்த மாற்றத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பலர் 15 வயதில் பள்ளியை முடித்த கையோடு, வடக்கிலிருந்து கூட்டமாக ரயிலேறி டோக்கியோவின் உயேனோ நிலையத்தில் வந்து இறங்கியவர்கள். அவர்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகக் கடிதமெல்லாம் பெரும்பாலும் கையால் எழுதியதுதான். ஆயிரக்கணக்கான எழுத்துள்ள மொழியை எந்த விசைப்பலகையில் அடக்குவது? ஜப்பானிய மொழியில் தட்டச்சு செய்ய உதவும் முதல் கருவியை, அதாவது வேர்ட் பிராசசரை, தோஷிபா அறிவித்தது 1978-இல். மேசை அளவு, விலை 63 லட்சம் யென்! அப்போது இவர்களுக்கு முப்பது வயது. விண்டோஸ் 95 வந்தபோது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள்.

இதற்கிடையில் வங்கிகளின் பெரிய கணினிகளுக்கு கோபோல் (COBOL) என்ற பழைய நிரல் மொழியில் நிரல் எழுதியவர்களும் இவர்களே. எந்த வரியை ஏன் அப்படி எழுதினோம் என்பது பல இடங்களில் காகிதத்தில் இல்லை, அவர்கள் தலையில்தான் இருந்தது. பட்டறையிலும் அதே கதை. இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவரிடம், அதை எழுதிக் கொடு என்றால் எப்படி எழுதுவார்?

சரி, 2007-இல் என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 2006 ஏப்ரலில் ஒரு சட்டத்திருத்தம் அமலுக்கு வந்தது: 65 வயது வரை வேலை தர நிறுவனங்கள் படிப்படியாக ஏற்பாடு செய்ய வேண்டும். ஓய்வூதிய வயதையும் அரசு தள்ளிக்கொண்டே போனதால் இவர்களுக்கும் சம்பளம் தேவைப்பட்டது. பலரை மறுநாளே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். அதே மேசை, குறைந்த சம்பளம், சில இடங்களில் நேற்றுவரை தனக்குக் கீழே இருந்தவரே மேலதிகாரி. எனக்கு இதில் பாதி சாமர்த்தியமும் பாதி கஞ்சத்தனமும் தெரிகிறது. பிரச்சினையைத் தீர்க்கவில்லை, ஐந்து வருடம் ஒத்திப்போட்டார்கள். 2012 வந்ததும் அதே பேச்சு மறுபடி கிளம்பியது.

அப்புறம், வயதானாலும் கம்ப்யூட்டர் வரும் என்பதற்கு, 81 வயதில் ஐபோனுக்கு விளையாட்டுச் செயலி செய்த மசாகோ வகாமியாவைப் பலர் உதாரணம் காட்டுகிறீர்கள். அருமையான மனிதர்தான். ஆனால் அவர் 1935-இல் பிறந்தவர், இந்தத் தலைமுறையே இல்லை!

இவர்களைப் போன்ற மூத்தவர்களுக்கென்று வந்தது, அந்த 2012-இலேயே டொகோமோ என்ற செல்போன் நிறுவனம் விற்ற 'ராகு ராகு' (ஜப்பானிய மொழியில் 'ரொம்ப சுலபம்') ஸ்மார்ட்போன். எழுத்து பெரிசு. தொடுதிரைதான், ஆனாலும் பழைய பொத்தானை அமுக்குவதுபோல் அழுத்தினால்தான் வேலை செய்யும்.