சோதனைகள் தேறியும் கவரேஜ் பூஜ்யம் காட்டுவது ஏன்?

[திரையில்: டெர்மினல். சோதனைகள் எல்லாம் பச்சை. கீழே கவரேஜ் அட்டவணையில் பூஜ்யம்.]

பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம். திரையில் இருப்பது, பத்தமடைப் பாய்களை இணையத்தில் விற்பதற்காக நாம் எடுத்துக்காட்டாக எழுதியிருக்கும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல். சாதாரணக் கோரைப்பாய்க்கு ஒரு விலை, பட்டுப்பாய்க்கு ஒரு விலை, மணமக்களின் பெயரை நெய்து கேட்டால் கூடுதல் தொகை. சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டன. ஆனால், சோதனைகளின்போது நிரலின் எந்தெந்த வரிகள் ஓடின என்று கணக்கிடும் கவரேஜ் அறிக்கை, ஒரு வரிகூட ஓடவில்லை என்கிறது.

கவரேஜை அளக்கும் இஸ்தான்புல் என்ற கருவி, நாம் எழுதிய நிரலை அப்படியே ஓடவிடுவதில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும், ஃபங்ஷனுக்கும், இஃப் நிபந்தனையின் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண்ணியைச் செருகிய பிறகே ஓடவிடுகிறது. அந்த எண்ணிகள், முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு கொண்ட 'கவரேஜ்' என்ற குளோபல் மாறியில் சேர்கின்றன. ஆகவே அமைப்புக் கோப்பில் கை வைப்பதற்கு முன், சோதனையின் கடைசியில் அந்த மாறியை அச்சிட்டுப் பாருங்கள்.

[திரையில்: அச்சிடப்பட்ட மாறி. விலைக் கோப்பின் பெயர் அதில் இல்லை.]

பெயரே இல்லையென்றால் எண்ணி செருகப்படவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம் இதுதான்: சோதனை, தொகுக்கப்பட்ட 'டிஸ்ட்' கோப்புறையிலிருந்து கோப்பை எடுக்கிறது, சோதனைகளை ஓட்டும் கருவியான ஜெஸ்டின் 'கலெக்ட் கவரேஜ் ஃப்ரம்' அமைப்போ மூலக் கோப்புறையான 'எஸ்ஆர்சி'யைச் சுட்டுகிறது. யாரும் ஏற்றாத கோப்புக்கு அறிக்கை நேர்மையாகவே பூஜ்யம் போடுகிறது. இஸ்தான்புலை டெர்மினலிலிருந்து இயக்கும் என்ஒய்சியைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு காரணமும் உண்டு. அது கோப்புகளை ஏற்றும் பழைய முறையான 'ரிக்வயர்' வழியாக வரும் கோப்புகளை இடைமறித்தே எண்ணியைச் செருகுவதால், புதிய முறையான 'இம்போர்ட்' வழியாக வரும் இஎஸ் மாட்யூல்களைத் தவறவிடுகிறது. அத்தகைய திட்டங்களுக்கு, நிரலை மாற்றாமல், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினின் சொந்தக் கணக்கையே வாங்கிக்கொள்ளும் சி8 என்ற கருவி பொருத்தமானது என்பது என் கருத்து.

ஜாவாஸ்கிரிப்டை உருமாற்றித் தரும் பேபெலின் இஸ்தான்புல் செருகுநிரலை என்ஒய்சியுடன் சேர்த்து வைத்திருந்தால், என்ஒய்சி தன் பங்குக்கு மறுபடியும் எண்ணி செருகாதபடி 'இன்ஸ்ட்ருமென்ட்' அமைப்பை அணைத்துவிடுங்கள்.

[திரையில்: சிவப்புப் பிழை, 'கவ்' என்று தொடங்கும் பெயர் வரையறுக்கப்படவில்லை.]

இந்தப் பிழையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் கவரேஜ் இல்லாமல் ஓட்டினால் இது தலைகாட்டுவதே இல்லை. பிரவுசரை நிரல் வழியே இயக்கும் பப்பட்டியரின் 'இவால்யுவேட்' நாம் கொடுக்கும் ஃபங்ஷனை எழுத்துச் சரமாக்கிப் பிரவுசருக்கு அனுப்புகிறது. செருகப்பட்ட, 'கவ்' என்று தொடங்கும் எண்ணியும் அந்தச் சரத்தோடு சேர்ந்து போய்விடுகிறது. ஆனால் எண்ணியின் வரையறை, பிரவுசருக்கு வெளியே சோதனையை ஓட்டும் நோடிலேயே நின்றுவிடுவதால், பிரவுசர் அந்தப் பெயரை அறியாமல் பிழை எழுப்புகிறது. அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மேல் மட்டும் 'இஸ்தான்புல் இக்னோர் நெக்ஸ்ட்' என்ற குறிப்பை எழுதினால் போதும். முழுக் கோப்பையும் விலக்கிவிட்டால் விலைக் கணக்கின் உண்மையான ஓட்டைகளும் அதோடு மறைந்துவிடும், அப்படிச் செய்யாதீர்கள்.

மாறியில் எண்ணிக்கை சரியாக இருந்தும் அறிக்கை வெறுமையாக வந்தால், சோதனைக்காகத் தனி ப்ராசஸில் எழுப்பிய சர்வர் எப்படி நிறுத்தப்படுகிறது என்று பாருங்கள். கணக்கு கோப்பில் எழுதப்படுவது ப்ராசஸ் முடியும் தருணத்தில்தான். ப்ராசஸை உடனே கொன்றுவிடும் 'சிக்கில்' என்ற சிக்னலை அனுப்பினால் எழுதுவதற்கு அவகாசமே இல்லை. முடித்துக்கொள்ளச் சொல்லும் 'சிக்டெர்ம்' சிக்னலை அனுப்பி, சர்வர் தன் இணைப்புகளை மூடிவிட்டுத் தானாக வெளியேறும் வரை சோதனையைக் காத்திருக்கச் செய்யுங்கள்.