1.2 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டு டர்போ எதற்கு?

வணக்கம். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைப் பக்கத்துப் புளியரை எஸ் வளைவுக்குக் கொஞ்சம் கீழே வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப்போகும் லாரிகள் முனகிக்கொண்டே ஏறுகின்றன. இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆரியங்காவுத் தம்பி ஒருவர் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, என் 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு டர்போ வைத்தால் இந்த ஏற்றத்தில் பறக்காதா?" டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து இழுவையைக் கூட்டும் கருவி. ஆசையில் தப்பில்லை. கணக்கில்தான் இடிக்கிறது.

இதோ, என் கையில் இருப்பது ஒரு டர்போவின் நடுப்பகுதி. முன்பு வைத்திருந்த 1.3 லிட்டர் டீசல் காரில் கழற்றியது. சக்கரம் புளியங்குடி எலுமிச்சம்பழ அளவுதான். ஓட்டத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். பக்கவாட்டில் ஆட்டுகிறேன், லேசாக ஆடுகிறது. அது பழுதல்ல, அச்சு எண்ணெயில் மிதப்பதற்காக விட்ட இடைவெளி. இப்போது முன்னும் பின்னும் இழுக்கிறேன். 'டக்' என்று கேட்டதா? அதுதான் பழுது.

இதைச் சுழற்றுவது எஞ்சின் வெளியே தள்ளும் புகை. 1.2 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 லிட்டர் காற்றைத்தான் இழுக்க முடியும்; ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதானே மூச்சு விடுகிறது. அந்த மூச்சு ஒரு சக்கரத்தை விரட்டுவதற்கே திணறும். அதையும் பங்கு போடுவதா? தம்பியின் வண்டியில் மூன்று சிலிண்டர். ஆளுக்கு ஒன்றரை! சக்கரத்தை இன்னும் சிறிதாக்கலாம் என்றால், இறக்கை நுனிக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி அதே விகிதத்தில் சிறிதாவதில்லை. பாதிப் புகை வேலை செய்யாமலே அந்தச் சந்து வழியாக நழுவிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் மிகைதான்.

வி6 எஞ்சினில் இரண்டு டர்போ வைப்பதற்குக் காரணம் வேறு. இந்தப் பக்கம் மூன்று சிலிண்டர், அந்தப் பக்கம் மூன்று. பக்கத்துக்கு ஒன்று வைத்தால் குழாய் குட்டையாக முடியும்.

தம்பி விடவில்லை. "மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வெறும் 1.3 லிட்டர்தானே, அதில் இரண்டு இருக்கிறதே?" என்றார். இருக்கிறது, 1991இல் வந்த மாடலில். முதலில் ஒன்று மட்டும் வேலை செய்யும், சுற்று ஏறியதும் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அது ரோட்டரி எஞ்சின், மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டார் உள்ளது. ஒரே சுற்றில் 1.3 லிட்டரையும் விழுங்கும். நம் எஞ்சினோடு ஒப்பிட்டால் 2.6 லிட்டருக்குச் சமம். அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவதற்கான ரப்பர் குழாய்களைப் பார்த்தால் தூக்கணாங்குருவிக் கூடு தோற்றுவிடும். டீசலில் ரெனோ 1.6 லிட்டருக்கே இரண்டு வைத்து 160 குதிரைத்திறன் எடுத்தது. அது தொழிற்சாலையில் முதலிலிருந்தே அப்படி வடிவமைத்த எஞ்சின். பட்டறையில் ஒட்டுப்போட்டது அல்ல.

எனக்குப் பிடித்த சான்று பிஎம்டபிள்யூ. 2006இல் அவர்களுடைய 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு டர்போ. 2009இல் அதற்கு அடுத்து வந்த எஞ்சினில் ஒன்றே ஒன்று, புகை நுழைய இரட்டை வாய் வைத்தது. இரண்டிலும் அதே 306 குதிரைத்திறன். மூன்று லிட்டருக்கே ஒன்று போதும் என்று இறங்கி வந்தார்கள். நம் ஊரில் ஓடும் டைகுன், குஷாக் கார்களின் 1 லிட்டர் எஞ்சின் ஒற்றை டர்போவோடு 1,750 சுற்றிலேயே 178 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது.

சரி, பிடிவாதமாகப் பொருத்துகிறோம் என்றே வையுங்கள். டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினில் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அளவு, அதிகம்; மேலும் காற்றைத் திணித்தால் எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடித்துத் தட்டும், பிஸ்டன் போகும். இரண்டுக்கும் எண்ணெய்க் குழாய் வேண்டும். திரும்பி வரும் எண்ணெய் தானாக வழிந்து இறங்க வேண்டும் என்பதால் டர்போவை மேலே வைக்க வேண்டும். அங்கே கை நுழையவே இடம் இல்லை. அதோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், மாற்றியமைத்த வண்டி என்றால் சும்மா விடவும் மாட்டார்கள்.

எனக்கே இதே வளைவில் பாடம் கிடைத்தது. மூன்றாம் கியரில் சோம்பேறித்தனமாக ஏறினேன். சுற்று 1,500க்கு இறங்கியது, டர்போ தூங்கிவிட்டது, வண்டி நடுவளைவில் நின்றது. பின்னால் ஒரு பஸ். ஓட்டுநர் மலையாளத்தில் என்ன சொன்னார் என்பதை மொழிபெயர்க்க மாட்டேன். அன்று முதல் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுகிறேன். செலவு ஒரு பைசா இல்லை. தம்பியும் இரண்டாம் கியரில் 3,500 சுற்று வைத்து, ஏசியை அணைத்து ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும்.

அடடே, மேலே ஒரு வைக்கோல் லாரி நின்றுவிட்டது. டயருக்கு அடைகல் வைக்க ஆள் கூப்பிடுகிறார்கள். கேமராவை அணைக்கிறேன்.