ஒரே மாதிரி இருக்குற சிக்லிட்ட எப்படி கண்டுபிடிக்கிறது?

வணக்கம் மக்களே. எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி "ப்ரோ இது என்ன சிக்லிட்"னு ஒரு போட்டோவோட தான் வருது. எல்லாரும் மொதல்ல கலர தான் சொல்றாங்க, ஆனா சிக்லிட்ங்கற இந்த மீன் குடும்பத்துல கலர கடைசியா தான் பாக்கணும், ஏன்னா பயந்தா வெளுத்துரும், சண்டைக்கு நின்னா கருத்துரும், டேங்க்ல யாரு பெரிய ஆளுங்கறத பொறுத்து கூட மாறும்.

(திரையில்: நீல மீன் ரெண்டு, பக்கத்து பக்கத்துல)

இதுல ஒண்ணு டெமசோனி, இன்னொண்ணு சவுலோசி ஆண். ரெண்டும் ஆப்பிரிக்காவோட மலாவி ஏரி, ரெண்டும் நீலம், ரெண்டுலயும் கருப்பு பட்டை. ஒத்த மீன மட்டும் பாத்தா கொழப்பம் தான், அதனால கூட்டத்த பாருங்க. டெமசோனில ஆண் பெண் குஞ்சு எல்லாமே நீலமும் கருப்பும் தான். சவுலோசில குஞ்சு பூரா மஞ்சளா இருக்கும், பெண் கடைசி வரைக்கும் மஞ்சள் தான், ஆண் மட்டும் வளர வளர நீலமா மாறும். ஸோ நீலத்தோட சேந்து அதே ஒடம்பு வாக்குல மஞ்சளும் சுத்துதுன்னா சவுலோசியா இருக்க வாய்ப்பு அதிகம். பழைய லிஸ்ட்ல ரெண்டும் சூடோட்ரோஃபியஸ்னு இருக்கும், 2016ல தான் சிண்டோங்கோனு தனி பேரினத்துக்கு மாத்துனாங்க, பேர் வேறயா இருக்கேனு வேற மீன்னு நெனச்சுராதீங்க.

அடுத்து ராம்னு விக்கிற சின்ன சிக்லிட், இது சீக்கிரம் முடிஞ்சுரும். ஒடம்புல நீலப் பொட்டு மினுமினுன்னு தூவுன மாதிரி இருந்தா ஜெர்மன் ப்ளூவா வித்தாலும் சாதா ராமா வித்தாலும் ரமிரெசிங்கற இனம் தான். அந்த நீலம் இல்லாம, கொஞ்சம் பெருசா, பழுப்பு மஞ்சளா, வால் ஓரத்துல செவப்பு ஓடுச்சுன்னா பொலிவியன் ராம்.

(திரையில்: செவுள் மூடி, நல்லா க்ளோஸப்)

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச ஜோடி, ஆப்பிரிக்காவுலயே இருக்குற டாங்கனிகா ஏரியோட ப்ரிச்சார்டியும் புல்ச்சரும். அதே வெளிர் ஒடம்பு, அதே யாழ் மாதிரி வளைஞ்ச வால், பெரிய குஞ்சுங்க தம்பி தங்கச்சிங்கள பாத்துக்குற அதே கூட்டுக் குடும்பம். வித்தியாசம் முகத்துல. கண்ணுக்கு பின்னாடி ஒரு கருப்பு கோடு படுத்த வாக்குல போயி செவுள் மூடில நிக்கிற கோட்ட தொட்டு, சாஞ்ச இங்கிலீஷ் T எழுத்து மாதிரி தெரிஞ்சா ப்ரிச்சார்டி. அந்த படுத்த கோடு இல்லாம, பிறை மாதிரி ரெண்டு கோடு ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா நின்னா புல்ச்சர். மீன் நிதானமா இருக்கும்போது சைடுல ஒரு போட்டோ எடுத்து ஜூம் பண்ணுங்க, நேர்ல பாக்குறத விட அதுல நல்லா தெரியும்.

ஆனா இத முழுசா நம்பிரவும் முடியாது. 2007ல ஏரியோட பல எடத்து மீன்கள டிஎன்ஏ வச்சு பாத்தப்ப, ஒரே மாதிரி முகக் கோடு இருக்குற கூட்டமெல்லாம் ஒரே வம்சமா சேரல, அந்த கோடுகள் தனித்தனியா பல தடவ உருவாகிருக்குன்னு தெரிஞ்சுச்சு, ரெண்டையும் ஒரே இனமா வைக்கலாம்னே அந்த ஆய்வாளர்கள் சொன்னாங்க. அதனால என்ன பேருங்கறத விட எந்த கரைலேர்ந்து புடிச்சதுங்கறது தான் முக்கியம். ரெண்டையும் ஒரே டேங்க்ல விட்டா தாராளமா கலந்துரும். நான் ஒரு தடவ விட்ருக்கேன், குஞ்சுங்க முகத்துல ரெண்டுலயும் சேராத ஒரு அரைகுறை கோடு வந்துச்சு, அதுங்கள கடைசி வரைக்கும் நானே வச்சு வளத்தேன்.

(திரையில்: ஆரஞ்சு கலர்ல ரெண்டு பெரிய மீன்)

கடைசியா ரெட் டெவிலும் மிடாஸும். நிகராகுவா நாட்டு ஏரிகள்ல ரெண்டுமே இருக்கு, 1864ல ரெண்டுக்கும் பேர் வச்சது குந்தர்ங்கற ஒரே ஆளு. ஆரஞ்சு ரெண்டுலயும் வரும், ஏரில பெரும்பாலும் ரெண்டுமே சாம்பல் கலர் தான், அதனால கலர விட்ருங்க. தலைய பாருங்க, மூஞ்சி கூரா ஒடம்பு ஒல்லியா இருந்தா ரெட் டெவில், தலை மொட்டையா இறங்கி ஒடம்பு ஒசரமா இருந்தா மிடாஸ். தடிச்ச ஒதடு ரெட் டெவிலுக்கு அடையாளம்னு சொல்வாங்க, ஏரில அது சரி தான், டேங்க்ல பொறந்து வளந்ததுக்கு அந்த ஒதடு பெரும்பாலும் வராது. இதுல இன்னொரு சிக்கல், விக்கிறதுல ஏகப்பட்டது ஏற்கனவே கலந்த வம்சம், தலை ஒண்ணு சொல்லும் ஒடம்பு ஒண்ணு சொல்லும். அப்படி ஒண்ணு என்கிட்ட இருந்தா நான் டேங்க் லேபிள்ல ரெண்டுக்கும் பொதுவான பேரினப் பேரான ஆம்பிலோஃபஸ்னு மட்டும் தான் எழுதுவேன், அதோட குஞ்ச மிடாஸ்னு சொல்லி யாருக்கும் குடுக்க மாட்டேன்.