பாட்டியின் கைபேசியில் பற்றுச்சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் அரசாங்கத்தோடு இணையம் வழி எந்த வேலை என்றாலும் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம்தான் வாசல். 2003ல் வந்தது. மத்திய சேம நிதி, வருமான வரி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு விண்ணப்பம், எல்லாம் அதற்குள். 2018ல் கைபேசிச் செயலியும் வந்துவிட்டது. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அதைத் தொடாமலே காலம் தள்ளினார்கள். மகனிடம் சொன்னால் பார்த்துச் சொல்லப்போகிறான்!

அவர்களைக் கைபேசிப் பக்கம் இழுத்தது, என்னைக் கேட்டால், கைபேசிப் பயிற்சி வகுப்புகளைவிட சிடிசி பற்றுச்சீட்டுதான். சமூக மேம்பாட்டு மன்றங்கள் (சிடிசி) தரும் இதைக் கடையில் பணம்போல் செலவழிக்கலாம். 2021 டிசம்பரில் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளி மின்னிலக்கப் பற்றுச்சீட்டாகக் கிடைத்தது. வீட்டில் ஒருவர் சிங்பாஸ் வழி பெற்றுக்கொண்டால் போதும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை மற்றவர்களுக்கும் அனுப்பலாம்.

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா உணவங்காடிக்குப் போய்ப் பாருங்கள். பரோட்டா வாங்கும் பாட்டி இணைப்பைத் திறக்கிறார், 5 வெள்ளிச் சீட்டைத் தொடுகிறார், கியூஆர் குறியீட்டைக் கடைக்காரரிடம் நீட்டுகிறார். அவர் தம் கைபேசியால் வருடியதும் வேலை முடிந்தது. பற்றுச்சீட்டுக்குச் சில்லறை கிடையாது. அதனால் 4 வெள்ளி 70 காசுக்கு எதைத் தொட்டு, எவ்வளவு கையில் கொடுப்பது என்று பாட்டி போடும் கணக்கில் கடைக்காரரே தோற்றுப்போவார்.

கைபேசி வேண்டாம் என்பவர் சமூக மன்றத்துக்குப் போனால் அச்சிட்டே கொடுக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது அந்தத் தாள்தான். இணையச் சேவை வந்ததும் முகப்பை மூடிவிடும் அவசரம் இதில் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் நெருடுகிறது. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று மோசடி பற்றி எச்சரிக்கிறோம். பற்றுச்சீட்டோ இணைப்பாகத்தான் வருகிறது! பெரியவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? 2024 ஜூலை முதல் அரசாங்கக் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் ‘கவ் டாட் எஸ்ஜி’ (gov.sg) என்ற ஒரே பெயரில் வருவது ஓரளவு உதவுகிறது. அனுப்பியவர் பெயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சிங்பாஸ் மறைச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அதிகாரி என்று சொல்லித் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சந்தேகமா? மோசடி பற்றிக் கேட்க உள்ள உதவி எண் 1799ஐ அழையுங்கள். நள்ளிரவானாலும் எடுப்பார்கள்.

நன்றி, வணக்கம்.