கைவிட்ட குரலை எடுத்து ஓட வைக்கிறது திருட்டா?

எல்லாருக்கும் வணக்கம். கம்பெனி கைவிட்டுட்டுப் போன டெக்ஸ்ட் டு ஸ்பீச் சாஃப்ட்வேரை, அதாவது எழுத்தைக் குரலாப் படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேரை, வேற யாராவது எடுத்து மறுபடி ஓட வைக்கலாமா கூடாதா, அதைப் பத்திதான் பேசப் போறேன்.

பேச முடியாமப் போய் மெஷின் குரல்ல பேசின விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங், அவர் குரல் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுல எம்ஐடில இருந்த டென்னிஸ் கிளாட்ங்கிற ஆராய்ச்சியாளர் தன்னோட சொந்தக் குரலை வச்சு உருவாக்கினதுதான் அதுக்கு மூலம், அவர் 1988லயே இறந்துட்டார். ஹாக்கிங் கிட்ட இருந்தது கால்டெக்ஸ்ட் 5010ங்கிற ஹார்டுவேர், அதைச் செஞ்ச ஸ்பீச் பிளஸ் கம்பெனி பல கை மாறிப் போச்சு, பழுதானா மாத்தறதுக்குப் புதுசு கிடையாது. இதைவிட இயல்பான குரல் எவ்வளவோ வந்தும் அவர் மாறல, ஏன்னா அது அவரோட குரலாவே ஆயிடுச்சு. கடைசில ஒரு சின்னக் குழு அந்த ஹார்டுவேர் செய்யறதை அப்படியே சாஃப்ட்வேரா எமுலேட் பண்ணி ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல ஓட வச்சாங்க, 2018 ஜனவரில அவர் கைக்கு வந்துச்சு, மார்ச்ல அவர் போயிட்டார்.

ஹாக்கிங்குக்குச் செஞ்சா உலகமே கை தட்டுது. பேர் தெரியாத ஒரு பார்வையற்ற கிளார்க் தன் பழைய குரலுக்காக இதையே செஞ்சா பைரசின்னு சொல்றோம், இது எனக்குச் சரியாப் படல.

எலோக்வன்ஸ்னு ஒரு குரல் இருக்கு, கேட்டா தகரத்துல தட்டுற மாதிரிதான் இருக்கும். ஆனா பார்வையற்றவங்க பல பேர் அதை விட மாட்டாங்க. காரணம் என்னன்னா அது யாரோ பேசினதை வெட்டி ஒட்டினது இல்ல, விதிகளை வச்சு ஒலியை அப்பப்போ உருவாக்குறது, அதனால ஸ்பீடை எவ்வளவு ஏத்தினாலும் எழுத்து குழையாது, கீயை அழுத்தின உடனே பேசும், நாள் பூரா ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், வச்சு வேலை பாக்கிறவங்களுக்கு இதுதான் சோறு போடுது. சில எழுத்துக் கோர்வை வந்தா அது அப்படியே கிராஷ் ஆகும், அதை யூஸ் பண்றவங்களே கண்டுபிடிச்சு, குரலுக்குப் போறதுக்கு முன்னாடியே ஃபில்டர் பண்ற மாதிரி எழுதி வச்சாங்க, கம்பெனி செய்ய வேண்டிய வேலை அது. 2022ல ஐபோனோட ஐஓஎஸ் 16ல ஆப்பிள் அதை லைசென்ஸோட சேர்த்தப்ப அத்தனை பேர் சந்தோஷப்பட்டாங்கன்னா தேவை செத்துப் போகலன்னுதானே அர்த்தம்.

ஆனா ஒண்ணு, இதுல நான் கண்டிப்பா இருக்கேன். சோர்ஸ் கோட், அதாவது புரோகிராமர் எழுதின மூல வரிகள், இல்லாம யாரோ பேட்ச் பண்ணி மாத்தின பழைய டிஎல்எல் ஃபைலை (விண்டோஸ்ல புரோகிராமோட ஒரு பகுதி) ஊருக்கெல்லாம் பரப்பறது வேற விஷயம். ஸ்கிரீன் ரீடர்ல ஓடுற குரல் உங்க பேங்க் பேலன்ஸ், ஓடிபி, டாக்டர் ரிப்போர்ட் எல்லாத்தையும் படிக்குது. தனக்குன்னு வீட்டுல ஓட வைக்கிறவரை நான் திருடன்னு சொல்ல மாட்டேன், அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறவர் என்ன மாத்தினார்னு காட்டியே ஆகணும். அதே மாதிரி நிஜ மனுஷர் ஒருத்தரை மணிக்கணக்கா ரெக்கார்ட் பண்ணிச் செஞ்ச குரல்னா, அவர் எதுக்கு ஒத்துக்கிட்டார்னு பாக்காம தொடவே கூடாது.

சண்டையே இல்லாம நடந்ததுக்கும் உதாரணம் இருக்கு. ஈஸ்பீக்ங்கிற இன்னொரு குரல் சாஃப்ட்வேரை எழுதினவர் கிட்ட இருந்து பல மாசமா எந்த அப்டேட்டும் வரல, 2015 டிசம்பர்ல மத்தவங்க கூடிப் பேசி ஈஸ்பீக் என்ஜி (NG)ங்கிற பேர்ல தொடர்ந்தாங்க. யார் வேணும்னாலும் கோடை எடுத்து மாத்திப் பரப்பலாம்னு சொல்ற ஜிபிஎல் லைசென்ஸ் இருந்ததால யார் கிட்டயும் கெஞ்ச வேண்டியிருக்கல. என்விடிஏங்கிற இலவச ஸ்கிரீன் ரீடரோட வர்ற குரல் அதுதான், தமிழும் படிக்கும்.

2013 மராகேஷ் ஒப்பந்தத்தை உலகத்துலயே முதல்ல அங்கீகரிச்சது இந்தியா, 2014ல. பார்வையற்றவங்களுக்குப் படிக்கிற வடிவத்துல புத்தகம் கிடைக்கணும்ங்கிறதுக்காக காப்பிரைட்ல விலக்கு கொடுக்கிற ஒப்பந்தம் அது. புத்தகத்துக்கு விலக்கு கிடைச்சாச்சு, அதைப் படிக்கிற குரல் நின்னு போனா என்ன பண்றதுன்னு அதுல இல்ல. அதனால நான் கேட்கிறது இதுதான், அரசாங்கமோ பேங்கோ யுனிவர்சிட்டியோ இப்படி ஒரு குரலை வாங்கும்போது டெண்டர்லயே எழுதிடுங்க, சோர்ஸ் கோடை ஒரு பொது இடத்துல டெபாசிட் பண்ணணும், கம்பெனி விக்கிறதையும் சப்போர்ட்டையும் நிறுத்தின அன்னைக்கே அது திறந்துடணும். இதுக்குச் சட்டம் மாறணும்னுகூட இல்ல, வாங்கறவங்க காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டா போதும்.