தாய் சி மாஸ்டர் தொட்டா ஆள் ஏன் பறக்குறாங்க?

வணக்கம் மக்களே! முதல்ல இந்த க்ளிப்பப் பாருங்க. தாய் சிங்கிற சீனத் தற்காப்புக் கலையில வயசான மாஸ்டர் ஒருத்தர் உள்ளங்கைய மாணவனோட முன்னங்கையில லேசா வைக்கிறார். அடுத்த நொடி அந்தப் பையன் குதிச்சுக் குதிச்சுப் பின்னாடி போய் சுவத்துல முட்டுறான். இது நாடகமா? முழுசா இல்ல.

இப்ப ஸ்லோ பண்றேன். மாஸ்டரோட கைய விடுங்க, பையனோட காலப் பாருங்க. பின்கால் முட்டி விறைச்சு நிக்குது, குதிகால் ஏற்கெனவே தரைய விட்டு எழும்பிருச்சு. முழங்கையும் மடங்காம கட்டை மாதிரி இருக்கு. கட்டையோட ஒரு நுனியத் தள்ளினா மறுநுனியும் நகரும்ல, அதேதான். மாஸ்டர் குடுக்குற சின்னத் தள்ளு தோள் வழியா நேரா நடு உடம்புக்குப் போயிடுது. அந்தக் குதிப்பு பழக்கி வர்றது. மல்லாக்க விழாம, வாங்கின விசைய ரெண்டு மூணு குதியில தீர்த்துக்கிறாங்க. பயிற்சியில அது நல்ல பழக்கம். அதையே மேடையில 'சி சக்தி'ன்னு காட்டுறதுதான் தப்பு. இன்னொண்ணு, தாய் சியில வர்ற 'சி' வேற, உயிர்மூச்சுன்னு சொல்ற 'சி' வேற. சீனத்துல எழுத்தே வேற.

சரி, தாய் சிக்கு இவ்ளோ பெரிய புகழ் எப்படி வந்துச்சு? ஜாங் சான்ஃபெங்னு ஒரு தாவோ துறவி உருவாக்கினார்ங்கிறது புராணக் கதை. வரலாறா தேடிப் போனா, ஹெனான் மாகாணத்துல சென்ஜியாகோ கிராமத்துக்கு, 17-ஆம் நூற்றாண்டு சென் வாங்டிங்கிட்ட வந்து நிப்போம். அதே கிராமத்துல சென் சாங்ஷிங்கிட்ட கத்துக்கிட்டவர் யாங் லூசான் (1799–1872). பெய்ஜிங்ல அரச குடும்பத்தாருக்கே சொல்லிக்கொடுத்தார், 'தோல்வியே காணாத யாங்'னு பட்டம் வந்துச்சு. அவர் பேரன் யாங் செங்ஃபு குதி, வெடிப்பெல்லாம் குறைச்சு, பெரிய நிதானமான அசைவா ஆக்கினார். 1956-ல சீன அரசு அந்தப் பாணிய 24 அசைவா சுருக்குச்சு. பார்க்ல காலையில அஞ்சாறு நிமிஷத்துல செஞ்சு முடிக்கிறாங்களே, அது இதுதான்.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது 1954 ஜனவரி 17, மக்காவ். வு பாணி தாய் சியோட தலைவர் வு கோங்யிக்கு வயசு அம்பதத் தாண்டியாச்சு. எதிர்ல வெள்ளைக் கொக்குப் பாணிக்காரர் சென் கஃபூ, முப்பதுகள்ல இருக்கிறவர். நிதி திரட்டுறதுக்காக நடந்த மேடைச் சண்டை. ஃபிலிம் இருக்கு, நீங்களே பாருங்க. வட்டமும் இல்ல, மிதக்குறதும் இல்ல. ரெண்டு பேரும் கண்டபடி கை வீசுறாங்க, மூக்குல ரத்தம். ரெண்டாவது சுற்றுலயே நிறுத்தி, வெற்றி தோல்வி சொல்லாம விட்டுட்டாங்க. ஆனா மூணே நாள்ல ஹாங்காங் பத்திரிகை ஒண்ணுல புது தற்காப்புத் தொடர்கதை ஆரம்பிச்சுது, அந்த வகைக் கதைக்கே அலை கிளம்பிருச்சு. மேடையில நடந்தத விட பத்திரிகைதான் மாஸ்டர்கள மக்கள் மனசுல ஏத்துச்சு.

2017-ல எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புச் சண்டை) வீரர் சூ ஷியாவ்டோங் ஒரு தாய் சி ஆசிரியர இருபது நொடிகூட ஆகறதுக்குள்ள சாய்ச்சார். இதுக்குக் காரணம் நேரானது. எதிராளி முகத்துக்குக் குத்தும்போது பழகாதவன், அது எந்தக் கலையா இருந்தாலும், முதல் குத்துலயே கையால முகத்த மூடிட்டுப் பின்வாங்குவான்.

மாஸ்டர எதுல சோதிக்கணும்னா, துய்ஷோல. கைய ஒட்டித் தள்ளுறது. நின்ன இடத்துலயே செய்ற வகையில கால் நகர்ந்தா தோல்வி. பெங், லூ, ஜி, அன்னு நாலு விசை. பெங் காத்தடிச்ச பந்து மாதிரி தாங்குறது, லூ வர்ற விசைய ஓரமா வழிவிடுறது, ஜி நெருக்கி அழுத்துறது, அன் கீழ அமுக்கித் தள்ளுறது. தன்கிட்ட படிக்காத, ஒத்துழைக்காத ஒரு ஆளோட அவர் செய்றாரான்னு பாருங்க.

நீங்க கத்துக்கப் போறீங்கன்னா முட்டிய முதல்ல காப்பாத்துங்க. எடை முழுக்க முன்கால்ல இருக்கும்போது பாதத்தத் திருப்பாதீங்க, முட்டி முறுக்கிக்கும். எடையப் பின்னுக்கு எடுத்து, பாதத்த சுமார் 45 டிகிரி திருப்பி, அப்புறம் முன்னுக்குப் போங்க. முட்டி கால்விரல் நுனியத் தாண்டக்கூடாது, உள்பக்கமாவும் சாயக்கூடாது. மாஸ்டரே அப்படிச் செஞ்சாலும் நீங்க செய்யாதீங்க.